சொறிப்பூச்சியும் வேப்பிலையும்

நோய்களுள் சில அச்சத்தை விளைப்பன. சில இரக்கத்தை விளைப்பன. நகைப்பை விளைப்பது சொறி ஒன்றே. காசநோய் கண்டவன்பால் இரங்கும் நாம், வகுப்பறையில் விரலிடுக்கைச் சொறிந்துகொண்டிருக்கும் மாணவனைக் கண்டால் சற்றே நகர்ந்து அமர்ந்து நமக்குள் நகைத்துக்கொள்கிறோம். அவனோ நாணத்தால் கையை மேசைக்கடியில் மறைக்கின்றான். மறைத்தமையால் மருந்தை நாடான். நாடாமையால் அறைத்தோழர் அனைவர்க்கும் அதனைப் பகிர்ந்தளிக்கின்றான். உலக சுகாதார நிறுவனத்தாரின் மதிப்புப்படி எந்த ஒரு நாளிலும் இவ்வுலகில் ஏறக்குறைய 20 கோடி மக்கள் இந்நோயுடையராய் உளர். அங்ஙனமிருந்தும் 2017ஆம் ஆண்டிலேதான் அந்நிறுவனம் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் வரிசையில் சேர்த்தது. நகைப்பிற்குரியதென எண்ணப்பட்டதே புறக்கணிப்பிற்குக் காரணமாயிற்றுப் போலும்.

தமிழ் பயில்வான் ஒருவன் வைத்திய விஷயத்தைப் பற்றி எழுதப் புகுதல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். இந்நோயின் பெயரே எனக்கு வாயில் திறந்துவிட்டது. சொறி என்பது நம் மொழியில் வினைப்பகுதியாகவும் நோய்ப்பெயராகவும் நிற்கின்றது. இலத்தீன் மொழியினரும் சொறிதல் என்னும் பொருளுடைய வினையினின்றே இந்நோய்க்குப் பெயர் அமைத்தனர்; ஆங்கில வைத்தியர் இன்றும் வழங்கும் ஸ்கேபீஸ் என்னும் சொல் அதுவே. ஒருவரையொருவர் அறியாத இரு மக்கட் கூட்டத்தார் நோயின் காரணத்தை விடுத்து அது செய்விக்கும் செயலையே பெயராக்கினர். காரணம் கண்ணுக்குப் புலனாகாதிருந்தமையே இதற்கு ஏதுவாகும்.

அக்காரணம் ஒரு சிற்றுயிர். எட்டுக் கால்களையுடைய அது சிலந்தியின் இனத்தைச் சேர்ந்தது. மாட்டின்மேல் ஒட்டும் உண்ணிக்கு நெருங்கிய உறவு. பெண்பூச்சியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு; ஆண் அதிற் பாதி. கருவுற்ற பெண் நம் தோலின் மேற்படையைக் குடைந்து சுருங்கை போன்ற வழியமைத்து, நாள்தோறும் இரண்டு மூன்று முட்டைகளை இட்டுக்கொண்டே முன்னேறுகின்றது. முட்டை மூன்று நான்கு நாட்களிற் பொரிகின்றது. இரண்டு வாரங்களுக்குள் குஞ்சு வளர்ந்து தானும் குடையத் தொடங்குகின்றது. விரலிடுக்கு, மணிக்கட்டு, முழங்கை, அக்குள், இடுப்பு ஆகிய மெல்லிய தோலுடைய இடங்களே அதற்கு விருப்பமானவை. பூச்சி கடிப்பதனால் அரிப்பு உண்டாவதில்லை. பூச்சியின் உடற்பொருள்களையும் எச்சத்தையும் நம் உடல் பகையென உணர்ந்து எதிர்ப்பதே அரிப்பாகும். அவ்வுணர்ச்சி பிறக்கச் சில வாரங்கள் செல்லும். ஆதலின் முதன்முறை இந்நோயைப் பெற்றவன் ஏறத்தாழ ஒரு மாதகாலம் யாதொரு தொல்லையுமின்றி அதனைப் பிறர்க்கு வழங்கித் திரிவான். மறுமுறை பெறுவானாயின் ஒரே நாளில் அரிப்புத் தொடங்கிவிடும்.

இச்சிற்றுயிரைக் கண்டுபிடித்த வரலாறு சுவையுடையது. 1687ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்து வைத்தியராகிய பொனோமோ என்பார், தம் நண்பர் செஸ்தோனியுடன் கூடி ஆராய்ந்து, இப்பூச்சியே சொறிக்குக் காரணம் என்று ரேடி என்னும் பேரறிஞருக்குக் கடிதம் எழுதினார். ஏழைத் தாய்மார் தம் மக்களின் தோலினின்று ஊசிமுனையால் ஏதோ ஒன்றை எடுத்தெறிவதையும், லிவோர்னோ நகரத்து அடிமைகள் ஒருவர்க்கொருவர் அவ்வாறே செய்வதையும் கேட்டறிந்தே அவர் தம் நுண்ணோக்கியைக் கையில் எடுத்தார். ஆயினும் உடலின் உள்ளே குருதி கெடுவதாலேயே தோல்நோய் உண்டாகும் என்ற பழங்கொள்கை வலிமையுற்றிருந்தமையால் அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. 1812இல் பாரிஸ் நகரத்துக் காலே என்பவர் தாம் அப்பூச்சியைக் கண்டதாகப் படத்துடன் வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்றார். பின்னர் ஒருவராலும் அதனைக் காண இயலவில்லை. அவர் காட்டியது பாற்கட்டியில் நெளியும் வேறொரு பூச்சியே என்று ரஸ்பாய் என்பார் வெளிப்படுத்தினார். ஒரு பொய்யால் மெய்யும் ஐயத்திற்கிடமாயிற்று. சொறிப்பூச்சி என்பதே கட்டுக்கதை என்றனர் பாரிஸ் வைத்தியர் பலர். இறுதியாக 1834இல் கார்சிகாத் தீவினின்று வந்திருந்த ரெனூச்சி என்னும் வைத்திய மாணவர், புனித லூயி ஆஸ்பத்திரியில் ஆசிரியரும் மாணாக்கரும் சூழ்ந்து நிற்க, நோயாளியின் தோலினின்று ஊசியாற் பூச்சியை எடுத்துக் காட்டினார். கொப்புளத்தில் தேடியவர் காணாதொழிந்தனர். அவர் சுருங்கையின் கோடியில் தேடினார். அவ்வித்தையை அவர் எந்நூலினும் கற்றிலர். தம் ஊர் ஏழைப் பெண்கள் செய்வதைப் பார்த்துக் கற்றனர்.

இவ்வரலாற்றை நான் விரித்துரைத்ததற்குக் காரணம் உண்டு. ஊசியால் எடுக்கும் பெண்கள் அறிந்திருந்ததைப் பேராசிரியர் அறிந்திலர்; எனினும், பெண்கள் சொன்னதனால் மட்டும் அஃது உண்மையென நிலைபெறவில்லை, பலர் நடுவே எடுத்துக் காட்டப்பட்ட பின்னரே நிலைபெற்றது. நம் நாட்டு மருந்துகளின் நிலையும் இதுவே.

தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த எங்கள் கடத்தூர்ப் பக்கத்தில் வேம்பும் புங்கும் இல்லாத சாலை அரிது. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து வயல்களில் மஞ்சளும் விளைகின்றது. எனவே ஒரு குழந்தைக்குச் சிரங்கு கண்டால், வீட்டிலுள்ள முதியவள் கொல்லைப்புறம் சென்று கொழுந்து வேப்பிலையை உருவி வந்து, பச்சை மஞ்சளுடன் அம்மியில் வைத்து மைபோல் அரைத்து, தலைமுதல் அடிவரை பூசி, வெயிலில் நிறுத்திவைத்துப் பின் வெந்நீரால் நீராட்டுவாள். சிலர் குப்பைமேனி இலையை உப்புடன் கசக்கித் தேய்ப்பர். சிலர் புங்கெண்ணெய் தடவுவர். மருந்துக்கடையில் ஒரு குழாய்க் களிம்பு வாங்கும் பணத்தை எண்ணிப் பார்க்கும் குடும்பங்களுக்கு இவற்றின் அருமை தெரியும். குடும்பத்தில் ஆறு பேர் இருப்பின் ஆறு பேரும் ஒரே நாளில் மருந்திட வேண்டும் என்பது இந்நோயின் சட்டம். கூலிவேலை செய்வாருக்கு அச்சட்டம் எத்துணைக் கடிது என்பதை விளக்கவேண்டுவதில்லை.

இவ்வழக்கத்தை எண்ணிக்கையால் அளந்து பார்த்தவர் உளர். வி. சார்லஸ், எஸ். எக்ஸ். சார்லஸ் என்னும் இருவர் வேப்பிலையும் மஞ்சளும் சேர்ந்த விழுதைச் சொறிநோயாளர் 814 பேருக்குப் பூசி, அதன் பயனை 1992ஆம் ஆண்டில் வெப்பமண்டல வைத்தியப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டனர். நூற்றுக்கு 97 பேர் மூன்று முதல் பதினைந்து நாட்களுக்குள் குணமடைந்தனர் என்றும், தீய விளைவு யாதும் காணப்படவில்லை என்றும், இது விலை மலிவானது, எளிதிற் கிடைப்பது, கிராமத்தாருக்கு உவப்பானது என்றும் அவர்கள் எழுதினர். இன்னும் ஆராய்ச்சி வேண்டும் என்றும் அவர்களே கூறி முடித்தனர். இக்கட்டுரையை எடுத்தாள்வோர் பலர் 97 என்னும் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு இறுதி வாக்கியத்தை விட்டுவிடுகின்றனர். எனக்கு இறுதி வாக்கியமே மிக்க மதிப்புடையதாகத் தோன்றுகின்றது.

ஏன் இன்னும் ஆராய்ச்சி வேண்டும்? 814 பேர் போதாவோ எனின், தொகை போதும்; ஒப்பிட்டு நோக்குதற்குரிய மற்றொரு கூட்டம் இல்லை என்பதே குறை. விழுதைப் பூசும்பொழுது நோயாளி நாள்தோறும் நீராடுகின்றான், ஆடை மாற்றுகின்றான், வீட்டார் அனைவரும் கவனிக்கப்படுகின்றனர். பயன் இவற்றுள் எதனால் விளைந்தது? வேம்பினாலோ, மஞ்சளினாலோ, இரண்டின் கூட்டத்தாலோ? இன்னுமொரு சிக்கல் உண்டு. பூச்சி இறந்தொழிந்த பின்னும் அதன் உடற்பொருள் தோலினுள் இருக்கும் வரையில் இரண்டு முதல் நான்கு வாரங்கள் அரிப்பு நீடிக்கும். மறுதலையாக, அரிப்பைத் தணிக்கும் பொருள் ஒன்றைப் பூசினால் பூச்சி உயிரோடிருக்கவே நோயாளி குணமடைந்தேன் என்பான். மஞ்சளுக்கு வீக்கத்தைத் தணிக்கும் இயல்பு உண்டென்பது அறிந்ததே. கடைகளிற் சீட்டின்றி வாங்கும் ஸ்டீராய்டு களிம்புகள் செய்யும் தீங்கும் இத்தகையதே: அரிப்பு அடங்கும், தடிப்பு மறையும், பூச்சி பெருகும், நோய் தன் முகத்தை மறைத்துக்கொள்வதால் வைத்தியரும் மயங்குவர். ஆகவே, அரிப்பு நின்றதா என்னும் வினா வேறு, பூச்சி இறந்ததா என்னும் வினா வேறு.

ஈண்டு ஒரு சொல் வழக்கையும் தெளிதல் நலம். நம் மருந்துகளைப் பற்றிப் பேசுங்கால், முன்னோர் பன்னூறாண்டாகக் கையாண்டனர், ஆதலின் அது பயனுடையது என்பர். 1995இல் அமெரிக்க நாட்டில் மிசிசிப்பிச் சர்வகலாசாலையின் வைத்தியப் பகுதியைச் சேர்ந்த இருவர், மஞ்சளால் புண்ணை ஆற்றும் முறைக்குத் தனியுரிமை பெற்றனர். நம் நாட்டு விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகத்தார் அதனை எதிர்த்துப் பழைய நூற்சான்றுகளைக் காட்டி வழக்காடினர். 1997இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. வேப்பெண்ணெயைப் பற்றி ஐரோப்பாவில் அளிக்கப்பட்ட உரிமையொன்றும் 2000ஆம் ஆண்டில் நீக்கப்பட்டு, மேல்முறையீட்டிலும் 2005இல் அவ்வாறே முடிந்தது. இவ்வெற்றிகள் நமக்குப் பெருமை தருவன. ஆயினும் அவ்வழக்குமன்றங்கள் கேட்ட வினா, இது புதியதா என்பது. பழைமை அதற்கு விடையாயிற்று. நோயாளி கேட்கும் வினா, இது குணமாக்குமா என்பது. பழைமை அதற்கு ஒரு தடயமாகலாம், விடையாகாது. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிக்கும் எம்போன்றார் இவ்வேற்றுமையை மறத்தல் எளிது.

இனி, தாவரப்பொருள் ஒன்று சொறிப்பூச்சியைக் கொல்லுமா என்பதைப் பரிசோதிப்பது எங்ஙனம்? முதலில் பூச்சி வேண்டும். அதுவே அரிது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941 முதல், இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் கென்னத் மெலன்பி என்னும் விஞ்ஞானி இந்நோயை ஆராய்ந்தார். போர்முனையில் கொல்லுதல் தம் மனச்சாட்சிக்கு ஒவ்வாது என்று படையிற் சேர மறுத்த இளைஞர் சிலர், மனிதகுலத்திற்கு வேறு வகையில் ஊழியம் செய்வோம் எனத் தம் உடலையே அவருக்குப் பரிசோதனைக்களமாக ஈந்தனர். சொறிகண்ட போர்வீரர் உடுத்துக் களைந்த உள்ளாடைகளை உடுத்தியும், அவர்தம் கம்பளிகளில் ஆடையின்றிப் படுத்தும் அவர்கள் காத்திருந்தனர். மிகச் சிலரே நோயுற்றனர். துணியாற் பரவுதல் சிறிது, நெடுநேரம் தோலொடு தோல் படுதலாற் பரவுதலே பெரிது என்பது இவ்வாறே விளங்கிற்று. நூற்றுக்கணக்கான நோயாளரின் உடலிற் பூச்சிகளை ஒவ்வொன்றாக எண்ணிய மெலன்பி, ஒருவர்க்குச் சராசரி ஏறத்தாழ 11 பூச்சிகளே என்று கண்டார். இரவெல்லாம் உறக்கத்தைக் கெடுக்கும் பெரும்படை என நாம் கருதுவது பதினொரு பூச்சிகள்!

பதினொன்றைக் கொண்டு பரிசோதனை நடத்துவது எப்படி? மேலும் இப்பூச்சி உயிருள்ள தோலின்றி வாழாது. கண்ணாடிக் கலத்தில் வளர்த்துப் பெருக்க இயலாது. உடலை விட்டகன்றால் இரண்டு மூன்று நாட்களில் மடியும். எதிர்ப்பாற்றல் குன்றிய நோயாளர் சிலரிடத்தில் மட்டும் பூச்சி ஆயிரக்கணக்கிலும் இலட்சக்கணக்கிலும் பெருகித் தோல் பொருக்குப் பொருக்காகத் தடித்துவிடும். இதனைக் கட்டிச் சொறி எனலாம். நார்வே தேசத்தில் 1848ஆம் ஆண்டில் தொழுநோயாளரிடையே இது முதன்முதல் விவரிக்கப்பட்டமையின் நார்வேச் சொறி என்றும் பெயர் பெற்றது. இத்தகைய நோயாளரின் பொருக்குகளிலிருந்தோ, பன்றி, முயல் ஆகியவற்றின் தோலிலிருந்தோதான் ஆராய்வோர் பூச்சிகளைப் பெறுகின்றனர்.

பெற்ற பூச்சிகளைச் சிறு கலங்களிற் பகிர்ந்திட்டு, ஒன்றில் ஆராயும் பொருளையும், மற்றொன்றில் முன்பே பயன் தெரிந்த மருந்தையும், பிறிதொன்றில் மருந்தற்ற வெறும் எண்ணெயையும் சேர்த்து, குறித்த நேரத்திற்கொருமுறை நுண்ணோக்கியின் கீழ் ஊசிமுனையாற் தொட்டுப் பார்ப்பர். அசைவற்றதை இறந்ததாகக் கொள்வர். வெறும் எண்ணெயிலுள்ள பூச்சிகளும் விரைவில் இறந்தால் பரிசோதனையே பயனற்றதாகும். இம்முறையில் 2004ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில், மெலலூக்கா என்னும் மரத்தின் இலையினின்று வடிக்கும் தைலம் ஆராயப்பட்டது. தேயிலைமரத் தைலம் என்பது அதன் வழக்குப்பெயர். நாம் பருகும் தேயிலைக்கும் அதற்கும் உறவில்லை. நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்த்த அத்தைலமும், அதிலுள்ள டெர்பினென்-நான்கு-ஆல் என்னும் பொருளும், வழக்கிலுள்ள மருந்துகளைக் காட்டிலும் விரைவாகப் பூச்சிகளைக் கொன்றன.

நம்மவர்க்கு இன்னும் உவப்பானது 2010இல் அந்நாட்டினின்றே வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி. கிராம்புத் தைலம், சாதிக்காய்த் தைலம், இலாங்கிலாங்கு மலர்த் தைலம் ஆகிய மூன்றும் ஒப்பிடப்பட்டன. கிராம்பு முதலிடம் பெற்றது, சாதிக்காய் இடைப்பட்டது, மலர்த் தைலம் பின்தங்கியது. கிராம்பின் உயிராகிய யூஜினால் என்னும் பொருளும், அதன் இனப்பொருள்கள் இரண்டும், தொட்ட ஒரு மணி நேரத்திற்குள் பூச்சிகளைக் கொன்று, பென்சைல் பென்சோயேட் என்னும் பழைய மருந்துக்கு நிகராக நின்றன. பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைக்கும் நம் கிராம்புத் தைலம், கன்னியாகுமரி மலைத்தோட்டங்களில் விளையும் கிராம்பு, இத்தகைய ஆற்றலுடையதென்பது மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆயினும் கலத்தில் கொல்வது தோலிற் கொல்வதாகாது. பூச்சி இருப்பது தோலின் மேற்படைக்குள் குடைந்த சுருங்கையினுள். மருந்து அவ்வளவு ஆழம் இறங்க வேண்டும். இறங்கியது தோலைச் சுடாதிருக்கவும் வேண்டும். யூஜினால் சிலருக்கு ஒவ்வாமையை விளைப்பது. முட்டைகளையும் மருந்து அழிக்குமா என்பது அடுத்த கேள்வி. அழிக்காதாயின் அவை பொரிந்தபின் மறுமுறை பூசவேண்டும். வழக்கிலுள்ள மருந்துகளை ஒரு வாரம் கழித்து மீண்டும் பயன்படுத்தச் சொல்வதன் கருத்து இதுவே.

வேம்பிற்கு வருவோம். 1942ஆம் ஆண்டில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் இரசாயனப் பேரறிஞர் வேப்பெண்ணெயினின்று நிம்பின் முதலிய கசப்புப்பொருள்களைப் பிரித்தெடுத்தார். 1959இல் சூடான் தேசத்தில் வெட்டுக்கிளிப் படையொன்று பசுமை அனைத்தையும் தின்று தீர்த்து வேம்பை மட்டும் விட்டுச் சென்றதை ஷ்முட்டரர் என்னும் ஜெர்மானியர் கண்டார். 1968இல் அசாடிராக்டின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. இது பூச்சியை உடனே கொல்லும் நஞ்சன்று. பூச்சிகளின் பசியைக் கெடுத்து, தோலுரித்து வளர்வதைத் தடுப்பது. மேலும் அது மிகுதியாக இருப்பது விதையில், இலையில் அன்று. ஆகவே கடத்தூரில் அரைக்கும் இலைவிழுதையும், செக்கில் ஆட்டிய வேப்பெண்ணெயையும், ஆய்வுக்கூடத்திற் பிரித்தெடுத்த பொருளையும் வேம்பு என்னும் ஒரே பெயரால் அழைத்து ஒன்றன் பயனை மற்றொன்றின்மேல் ஏற்றிக் கூறுதல் பிழை. மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம், மண்ணுக்கு மண் அதன் சத்து வேறுபடும். மருந்து என்பது இத்துணை அளவு இப்பொருள் என்று வரையறுக்கப்பட்டதாதல் வேண்டும். இந்நிலையே இயற்கை மருந்துகளின் பரிசோதனையில் யாவரையும் இடறச் செய்யும் கல்.

ஆப்பிரிக்காவின் நைஜீரியாவில் 2009இல் வெளியான சிற்றாய்வில் சோற்றுக்கற்றாழைச் சாறு 16 பேருக்கும் பென்சைல் பென்சோயேட் 14 பேருக்கும் அளிக்கப்பட்டன. இரு சாராரும் ஏறத்தாழ ஒத்த அளவில் நலம் பெற்றனர். இங்கே ஒப்பீடு உண்டு; தொகைதான் சிறிது. 814 பேரின் ஆய்வையும் 30 பேரின் ஆய்வையும் ஒருங்கே வைத்து நோக்கினால், ஒன்றிலில்லாதது மற்றொன்றில் இருப்பது புலனாகும்.

தாவரங்களினின்று சொறிக்கு மருந்து கிடைக்குமா என்று கேட்பவர்க்கு, முன்பே கிடைத்துள்ளது என்று விடையிறுக்கலாம். மேலே கூறிய பென்சைல் பென்சோயேட், எல் சால்வடார் நாட்டு மரமொன்றின் பட்டையினின்று வடியும் பெருப் பிசினில் மிகுதியாக உள்ள பொருள். பின்னரே அது தொழிற்சாலையிற் செய்யப்படலாயிற்று. இன்று யாவரும் பூசும் பெர்மெத்ரின் களிம்பின் மூதாதை, சாமந்தி இனத்துப் பூவொன்று. அப்பூவின் பைரெத்ரின் என்னும் நஞ்சு வெயிலில் அழிந்துபோவதால், அதன் உருவை ஒத்ததாய் வெயிலைத் தாங்குவதாய் 1973இல் இங்கிலாந்தில் மைக்கேல் எலியட் என்பாரும் அவர் தோழரும் பெர்மெத்ரினைச் சமைத்தனர். வாய்வழி உண்ணும் ஐவர்மெக்டின் செடியினின்றன்று, ஜப்பானிய மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரினின்று பெறப்பட்ட பொருளின் மாற்றுருவம். அதனைக் கண்ட ஓமுராவும் காம்பெலும் 2015இல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றனர். இயற்கையில் தொடங்கிச் செயற்கையில் முடிந்த இவ்வரலாறுகளை நோக்க, இயற்கை மருந்து, செயற்கை மருந்து என்று இரு கட்சி கட்டிக்கொண்டு வாதிடுவது வீண் என்றே தோன்றுகின்றது.

நல்ல மருந்து இருக்கையில் புதியதைத் தேடுவானேன் என்று கேட்கலாம். பசிபிக் கடலில் உள்ள பிஜித் தீவுகளில் ஊரார் அனைவர்க்கும் ஒருங்கே ஐவர்மெக்டின் அளித்தபோது, ஓராண்டில் நோய் நூற்றுக்கு 94 பங்கு குறைந்தது. பெர்மெத்ரின் பூசிய தீவில் 62 பங்கும், வழக்கமான வைத்தியம் மட்டும் நடந்த இடத்தில் 49 பங்கும் குறைந்தன. இது 2015இல் வெளிவந்தது. எனினும் 15 கிலோ எடையில்லாத குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் ஐவர்மெக்டின் அளிப்பதில்லை. 2004ஆம் ஆண்டிலேயே, பலமுறை அம்மருந்தை உண்ட கட்டிச்சொறி நோயாளரிடத்தில் அதற்கு மடங்காத பூச்சிகள் காணப்பட்டன. பெர்மெத்ரினுக்கு மசியாத நோயாளர் ஐரோப்பாவிலும் பெருகி வருகின்றனர். இதனிடையே குழந்தை சொறிந்த புண்ணில் வேறு கிருமிகள் புகுகின்றன. அவற்றுள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்பது சிறுநீரகத்தைத் தாக்கவல்லது. நாம் நகைத்த சொறி சில குழந்தைகளின் சிறுநீரகத்தில் போய் முடிகின்றது.

இயற்கையாதலின் தீங்கில்லை என்னும் நம்பிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்லியாகவேண்டும். மலேயா நாட்டில் குடியேறிய நம் இந்தியக் குடும்பங்களில், சளிக்கும் வயிற்று நோய்க்கும் கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெயை வாய்வழி புகட்டும் வழக்கம் இருந்தது. சின்னையா, பாஸ்கரன் என்னும் இரு டாக்டர்கள், அவ்வாறு புகட்டப்பட்ட குழந்தைகள் சில மணி நேரத்திற்குள் வாந்தியும் மயக்கமும் வலிப்பும் உற்றதை 1981இல் இங்கிலாந்தின் லான்செட் பத்திரிகையில் வெளியிட்டனர். ஈரலும் மூளையும் கேடுற்றமை காணப்பட்டது. புகட்டிய கைகள் அன்புடைய கைகளே. தோலிற் பூசுவது வேறு, வாயிற் புகட்டுவது வேறு. பெரியவர்க்கு ஏற்றது வேறு, ஒரு மாதக் குழந்தைக்கு ஏற்றது வேறு.

விடுதியில் வாழும் தோழர்க்கு இடையே சில சொற்கள். அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, மருந்து பெர்மெத்ரினாயின் கழுத்துமுதல் உள்ளங்கால்வரை, நகக்கண்ணும் விடாது, இரவிற் பூசிக் காலையிற் கழுவுக. ஏழாம் நாள் மீண்டும் பூசுக. அரிக்கும் இடத்தில் மட்டும் பூசுவது பயன்படாது. அறையிலுள்ளோர் அனைவரும், அரிப்பில்லாதவரும், அதே இரவில் பூசவேண்டும். ஏன் என்பது மேலே கூறிய ஒரு மாதக் கணக்கால் விளங்கும். உடுத்த துணியையும் போர்வையையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துக. துவைக்க இயலாதவற்றை மூன்று நாள் பையிற் கட்டிவைத்தால் போதும்.

நம் பக்கத்து வேப்பிலை விழுதுக்கு நியாயமான பரிசோதனை எவ்வாறு அமையலாம் என்று விலங்கியல் பயிலும் நண்பருடன் ஒரு மாலை பேசிக்கொண்டிருந்தேன். அவர் கூறியதன் சாரம் இது. கடத்தூரைப் போன்ற ஊர்களில் நோயுற்ற குடும்பங்களைச் சீட்டுக்குலுக்கி இரண்டு பகுதியாக்க வேண்டும். ஒரு பகுதியார்க்கு அளவு வரையறுத்த வேம்பு மஞ்சள் விழுது. மறு பகுதியார்க்குப் பெர்மெத்ரின். நீராட்டமும் துணிதுவைத்தலும் இருவர்க்கும் ஒன்றே. எவருக்கு எது பூசப்பட்டதென்று அறியாத ஒருவர், இரண்டாம் வாரத்திலும் நான்காம் வாரத்திலும் சுருங்கையைத் தேடிப் பூச்சியை நுண்ணோக்கியிற் காணவேண்டும். அரிப்பை மட்டும் கேட்டுக் குறித்தல் போதாது. விழுது குறைந்த பயனே தருமென அறியின் அப்பகுதியார்க்கு உடனே மற்ற மருந்தை அளிக்கவேண்டும். மஞ்சள் தோலில் நிறம் ஏற்றிவிடுமே, பூசியது எதுவென்று பார்ப்பவர்க்குத் தெரிந்துவிடாதோ என்று கேட்டேன். அவர் சிறிது எண்ணி, அங்ஙனமாயின் பெர்மெத்ரின் பகுதியார்க்கும் களிம்பு கழுவியபின் சிறிது மஞ்சள் பூசவேண்டியதே என்றார். உடனே, மஞ்சளே அரிப்பைத் தணிப்பதாயின் அதுவும் கணக்கைக் கெடுக்கும், ஆதலின் மஞ்சளை மட்டும் பூசிப் பார்க்கும் மூன்றாம் பகுதி ஒன்று வேண்டும் போலும் என்றார். அவர்களையும் மருந்தின்றி நெடுநாள் விடலாகாதே என்றேன் நான். ஒரு வாரத்துக்கு மேல் விடலாகாது என்று அவர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.